தாழங்குடாவில் வீடு: ஆறு இஞ்ச் சாலிட் பிளாக் போடலாமா, சேம்பர் செங்கல்லே மேலா?

கேள்வி: கடலோரக் குடித்தனம்

எல்லாருக்கும் வணக்கம். கடலூர் தாழங்குடாவுல மாமனார் மனையில வீடு கட்டிக்கிட்டிருக்கோம். கடல் சத்தம் மனைக்குக் கேட்கும், அவ்வளவு கிட்ட. வீட்டுக்காரர் சிங்கப்பூர்ல இருக்காரு. மேஸ்திரிகிட்ட பேசுறது, சாமான் இறக்குறது, கூலிக் கணக்கு எல்லாம் நான்தான் பார்க்குறேன்.

கீழ்த்தளம் 900 சதுர அடி. பின்னால மாடி எடுக்கணும்னு கான்கிரீட் தூணும் பீமுமா ஃப்ரேம் போட்டுத்தான் கட்டுறோம். 2024 ஃபெஞ்சல் புயலுக்கு அடுத்தாப்ல தென்பெண்ணையில வெள்ளம் வந்தப்ப தெருவுல தண்ணி எதுவரைக்கும் நின்னுச்சுன்னு பார்த்து, அதுக்கு மேல ரெண்டு அடி ஏத்தி பேஸ்மட்டம் வெச்சிருக்கோம். பேஸ்மட்டத்துல ஓடுற பிளிந்த் பீம் முடிஞ்சது, காலம் (கான்கிரீட் தூண்) எழும்பியாச்சு.

இப்ப சுவர். வெளிச்சுவருக்கு ஆறு இஞ்ச் சாலிட் பிளாக் (உள்ள ஓட்டையில்லாத சிமென்ட் கல்லு), உள்சுவருக்கு நாலு இஞ்ச் போதும்னு மேஸ்திரி சொல்றாரு. வேலை சீக்கிரம் முடியும், கலவையும் கம்மியா பிடிக்குமாம். மாமாவுக்கு அது துளிகூடப் பிடிக்கல. "சிமென்ட் கல்லு அனலா அடிக்கும், வெடிப்பு வுடும், பண்ருட்டி பக்கத்துலேர்ந்து சேம்பர் சூளைச் செங்கல்லு இறக்கு"ன்னு ஒரே பிடியா நிக்கிறாரு. பாண்டியில வேலை பார்க்குற என் தம்பி எடை கம்மியான ஏஏசி பிளாக் போடச் சொல்றான்.

மாமா பேச்சை ஒதுக்கவும் முடியல. எங்க தெருவுலயே சிமென்ட் கல்லுல கட்டின ஒரு வீட்டுல ஜன்னல் மூலையிலேர்ந்து சாய்வா வெடிப்பு ஓடுது. அடிச்சுவருல பெயின்ட் உப்பி, பூச்சு பொரிஞ்சு கொட்டுது. அந்த வீட்டுக்காரம்மா என்கிட்ட சொல்லி அழுதாங்க.

ஒரு பிளாக் யார்டுல போய்க் கேட்டேன். "அஞ்சு நாள் முன்னாடி அடிச்சது ரெடியா இருக்கு, திங்கக்கிழமை இறக்கிடலாம்"னாங்க. அஞ்சு நாள் கல்லு சரியா? நல்ல கல்லுன்னு நான் எப்படிக் கண்டுபிடிக்கிறது? கல்லை நனைச்சுத்தான் வைக்கணுமா? எங்க போர் தண்ணி கொஞ்சம் உப்பு, அதுல சுவர் வேலை செய்யலாமா? அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

பதில்: லாஸ்பேட்டை மாடிவீடு

உங்க தம்பி சொல்றது தப்பில்லைங்க. நாங்க மாடி எடுத்தப்ப ஏஏசிதான் போட்டோம். கீழ இருக்கிறது பழைய வீடு, அதிகம் பாரம் ஏத்தக் கூடாதுன்னு இன்ஜினியர் சொல்லிட்டாரு. ஏஏசி அலுமினியப் பவுடர் கலந்து பொங்க வெச்சு, ஆவியில அழுத்தம் கொடுத்து வேக வெக்கிற கல்லு. ஒரு கன மீட்டர் 550லேர்ந்து 650 கிலோ வரைக்கும்தான் வரும். சாலிட் பிளாக்கோட எடையில மூணுல ஒரு பங்குதான். ரூமும் நல்லாக் குளிர்ச்சியா இருக்கு.

ஆனா உங்க இடத்துக்குக் கீழ்த்தளத்துல நான் அதைச் சொல்ல மாட்டேன். அது தண்ணியை உறிஞ்சும். மறுபடி வெள்ளம் வந்து சுவரடியில நின்னா காய ரொம்ப நாள் எடுக்கும். ஒட்டுறதுக்கும் அதுக்குன்னு இருக்கிற கலவைதான் வேணும், பழகின கை வேணும். மாடிக்கு வரும்போது யோசிங்க.

பதில்: பழைய பிளாக்காரன், வில்லியனூர்

தங்கச்சி, நான் வில்லியனூர் பக்கம் பிளாக் யார்டு வெச்சிருந்தவன். இப்ப பையன் பார்த்துக்கிறான். கல்லு அடிச்சுத்தான் பிள்ளைங்களைப் படிக்க வெச்சேன். அந்தக் கல்லுக்குக் கெட்ட பேரு வர்றதைப் பார்த்தா எனக்கு வலிக்கும். அதனால கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுத்துக்கோ.

முதல்ல அந்த அஞ்சு நாள் கல்லு. வாங்காதே. நாளைக்கே வேணும்னு மேஸ்திரி குதிச்சாலும் வாங்காதே.

காரணம் சொல்றேன். செங்கல் சூளையில வெந்து, இருக்கிற ஈரமெல்லாம் போன பிறகு உன் கைக்கு வருது. அதுக்கப்புறம் அது சுருங்குறதில்லை. காத்துல இருக்கிற ஈரத்தை வாங்கி, கண்ணுக்குத் தெரியாத அளவு பெருக்கும். சிமென்ட் கல்லு நேர் எதிர். அது தண்ணி சேர்த்து அடிச்சது. காயக் காயச் சுருங்கும். அந்தச் சுருக்கம் யார்டுல அடுக்கி வெச்சிருக்கும்போதே முடிஞ்சுடணும். முடியாம சுவருல ஏறிட்டா, ரெண்டு பக்கமும் காலம் பிடிச்சு நிறுத்தியிருக்கு, மேலயும் கீழயும் பீம் இருக்கு, கல்லு எங்க போய்ச் சுருங்கும்? சுவரையே கிழிச்சுக்கிட்டுத்தான் சுருங்கும். எங்க பலவீனமோ அங்க கிழியும். ஜன்னல் மூலைதான் முதல் பலவீனம். உங்க தெரு வீட்டுல நீ பார்த்தது பெரும்பாலும் இதுவாத்தான் இருக்கும்.

இந்தக் கல்லுக்கு இந்தியத் தர நிர்ணயம் இருக்கு, ஐ.எஸ். 2185, முதல் பாகம், 2005ல திருத்தினது. காயும்போது 0.06 சதவீதத்துக்கு மேல சுருங்கக் கூடாதுன்னு அதுல வரம்பு வெச்சிருக்காங்க. கேட்க ஒண்ணுமில்லாத மாதிரி இருக்கும். அஞ்சு மீட்டர் சுவருக்குக் கணக்குப் போட்டா 3 மில்லிமீட்டர். வெடிப்புன்னு பார்த்தா அது நகம் நுழையிற அகலம். அதனாலதான் 14 நாள் விடாம தண்ணி காட்டி, அதுக்கப்புறம் நாலு வாரம் நிழல்ல காயவிட்டு எடுக்கணும்னு சொல்றது. மொத்தம் ஆறு வாரம். ஆறு வாரம் கல்லை அடுக்கி வெக்க எல்லா யார்டுலயும் இடம் இருக்காது, முதலும் முடங்கும். அது யார்டுக்காரன் கஷ்டம். நீ முன்கூட்டியே ஆர்டர் கொடுத்து, உன் கல்லைத் தனியா அடுக்கி, தேதி எழுதி வெக்கச் சொல்லு. முன்பணம் கொடுத்தா செய்வாங்க. நாங்க அடுக்குக்கு அடுக்கு சாக்பீஸ்ல தேதி போட்டு வெப்போம்.

அடுத்தது, கல்லை நனைக்கிறது. செங்கல்லை நனைக்காம வெச்சா அது கலவையில இருக்கிற தண்ணியைக் குடிச்சுடும், கலவை செத்துடும். அதனால நனைக்கிறோம். அந்தப் பழக்கத்துல சித்தாள் சிமென்ட் கல்லு மேலயும் ஹோஸ் பிடிப்பாங்க. நாலு வாரம் காயவெச்ச உழைப்பு அரை மணி நேரத்துல போச்சு. உலர்ந்த கல்லாத்தான் வெக்கணும். சித்திரை, வைகாசி வெயில்ல கல்லு சுட்டா, கலவை படுற முகத்தை மட்டும் ஈரக்கையால துடைச்சு விடலாம், அவ்வளவுதான். சுவர் எழுப்பின பிறகும் ஜாயின்ட் காயாம தண்ணி தெளிச்சாப் போதும், செங்கல் சுவர் மாதிரி ஊற ஊற அடிக்க வேணாம்.

கலவை, சிமென்ட் ஒண்ணுக்கு மணல் ஆறு. பலமா இருக்கட்டும்னு ஒண்ணுக்கு மூணு போடச் சொல்லாதே. கலவை கல்லைவிடக் கெட்டியா இருந்தா, வெடிப்பு ஜாயின்ட்டோட நிக்காம கல்லையே பிளந்துக்கிட்டுப் போகும்.

நல்ல கல்லு எப்படிக் கண்டுபிடிக்கிறதுன்னு கேட்டே. தராசு போதும். டேப்ல நீளம், அகலம், உயரம் சென்டிமீட்டர்ல எடு. மூணையும் பெருக்கி ஆயிரத்தால வகுத்தா லிட்டர் வரும். சாலிட் கல்லு ஒரு லிட்டருக்கு 1.8 கிலோவுக்குக் குறையக் கூடாது. 40, 20, 15 கல்லுன்னா 12 லிட்டர், 21.6 கிலோ. அது கடைசி வரம்பு. நல்லா வைப்ரேஷன் கொடுத்து அடிச்ச கல்லு 25 கிலோ காட்டும். அடுத்து, காஞ்ச கல்லை எடை போட்டு, ஒரு நாள் முழுக்கத் தண்ணித் தொட்டியில மூழ்க வெச்சு, துணியால துடைச்சு மறுபடி எடை போடு. கூடின எடை காஞ்ச எடையில பத்து சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ஆணியால கீறிப் பாரு. கோடு விழுந்தாப் பரவாயில்லை, மணல் கொட்டினா வேணாம். கல்லை உடைச்சு உள்ளயும் பாரு. வெளியில கெட்டியா, நடுவுல தூளா இருந்தா அது தண்ணி காட்டாத கல்லு.

இதெல்லாம் தேறினாலும் லேப்ல எட்டுக் கல்லு கொடுத்து அழுத்திப் பார்த்துடு. சாலிட் கல்லுல ரெண்டு தரம் உண்டு, சதுர மில்லிமீட்டருக்கு 4 நியூட்டன், 5 நியூட்டன். நாலுன்னாலே உன் ஆறு இஞ்ச் கல்லு ஒண்ணு 24 டன் தாங்கணும். சிவில் பிரிவு இருக்கிற இன்ஜினியரிங் காலேஜ்கள்ல செய்வாங்க.

என்ன போட்டு அடிக்கிறாங்கன்னும் பாரு. வானூர், திருவக்கரை பக்கத்துக் கிரஷர்லேர்ந்து சிப்ஸ் ஜல்லியும், கல்லை உடைச்சு எடுக்கிற எம்-சாண்டு மணலும் வருது, நல்ல சரக்கு. ஆனா எம்-சாண்டுன்னு சொல்லிக் கிரஷர் டஸ்ட்டை அள்ளிப் போடுற இடமும் இருக்கு. கையில எடுத்துத் தண்ணி கிளாஸ்ல போட்டுக் கலக்கு, மேல படியிற மண்டியைப் பாரு, தெரிஞ்சுடும். நெய்வேலி சாம்பல் கலந்த கல்லு வந்தா பயப்படாதே. பழுப்பு நிலக்கரிச் சாம்பல் நல்லாவே பிடிக்கும். ஆனா மெதுவாப் பிடிக்கும், அதனால தண்ணி காட்டுற நாள்ல ஒரு நாள்கூடக் குறைக்கக் கூடாது.

உப்புதான் உங்க ஊருக்குப் பெரிய விஷயம். கல்லுக்குள்ள கம்பி இல்லை, அதனால உப்புத் தண்ணியில அடிச்சாலும் கல்லு உடனே உடைஞ்சுடாது. ஆனா அந்த உப்பு ஒவ்வொரு மழைக்கும் வெளியே வரும், பூச்சைத் தள்ளும். யார்டுல எந்தத் தண்ணியில அடிக்கிறாங்கன்னு கேளு. வாயில வெச்சுப் பார்த்தாலே பாதி தெரியும். கடல் மணல், கழிமுகத்து மணல் எதுவும் கிட்டயே வரக்கூடாது.

அந்த வீட்டம்மாவுக்கு ஒண்ணு சொல்லு. பொரிஞ்சது எதுவரைக்கும் இருக்குன்னு பார்க்கச் சொல்லு. தரையிலேர்ந்து ரெண்டு மூணு அடியோட நின்னிருந்தா, அது தரை ஈரம் ஏறினது. கல்லு செங்கல்லா இருந்திருந்தாலும் வந்திருக்கும், இன்னும் கூடவே வந்திருக்கும். சுவர் முழுக்க அங்கங்க திட்டா இருந்தா, உப்பு கல்லுக்குள்ளயோ கலவையிலயோ இருக்கு. முதல் விதத்துக்கு மேல மேல பெயின்ட் அடிச்சுப் பணத்தைக் கொட்ட வேணாம். பொரிஞ்ச பூச்சைத் தட்டி எடுத்துட்டு, ஒரு கோடை முழுக்கக் காயவிட்டுட்டு அப்புறம் பூசட்டும்.

மாமா சொன்னதுல ஒண்ணு நிஜம். அனல். ஆறு இஞ்ச் சாலிட் சுவரு ஒன்பது இஞ்ச் செங்கல் சுவரைவிடச் சூடு கடத்தும். இதை நான் மறைக்க மாட்டேன்.

பதில்: சைட்ல நிக்கிறவ, புதுச்சேரி

ஐயா சொன்னதெல்லாம் கல்லு. நான் சுவரைப் பத்திச் சொல்றேன் அக்கா. நான் சிவில் முடிச்சுட்டு அரியாங்குப்பம், தவளக்குப்பம் பக்கம் சைட் பார்க்குறேன்.

ஜன்னலுக்கு மேல லிண்டலைத் துண்டு துண்டா போடாம எல்லாச் சுவரிலயும் சேர்ந்தாப்ல ஓட விடுங்க. ஜன்னல் அடியில, சில் மட்டத்துல, மூணு இஞ்ச் கனத்துல ரெண்டு கம்பி போட்டு ஒரு கான்கிரீட் பேண்ட் ஓட்டுங்க. மேஸ்திரி "செலவு"ன்னு சொல்லுவாரு. அந்த மூலை வெடிப்பை நிறுத்துறது இதுதான். நம்ம கரைக்குக் காத்து வேகம் வினாடிக்கு 50 மீட்டர்னு எடுத்துத்தான் கணக்குப் போடணும். 2011 டிசம்பர் 30 தானே புயல் கடலூருக்கும் பாண்டிக்கும் நடுவுலதான் கரையேறுச்சு. 2001 செப்டம்பர் 25ல பாண்டிக் கடல்ல நிலநடுக்கமும் வந்திருக்கு. இந்தப் பேண்ட் ரெண்டுக்குமே உதவும்.

காலமும் சுவரும் சேர்ற இடத்துல ரெண்டு பக்கமும் ஆறு இஞ்ச் வர்ற மாதிரி கோழி வலை அடிச்சுட்டுப் பூசச் சொல்லுங்க. ஒரே நாள்ல லிண்டல் மட்டம் வரைக்கும் கல்லை ஏத்த விடாதீங்க. பீமுக்கு அடியில கடைசி வரிசையை உடனே இறுக்காம, ரெண்டு வாரம் விட்டு அடைங்க.

ரொம்பக் கெஞ்சிக் கேட்குறது ஒண்ணு: நாலு இஞ்ச் சுவருல எலக்ட்ரீஷியன் வயர் குழாய்க்குப் படுக்கைவாட்டுல காடி எடுக்கக் கூடாது. படுக்கைக் காடி சுவர் கனத்துல ஆறுல ஒரு பங்குக்கு மேல ஆழம் போகக் கூடாதுன்னு விதி. நாலு இஞ்ச்ல அது குழாயே நுழையாத ஆழம். செங்குத்தா மட்டும், கட்டிங் மிஷின் வெச்சு. உளியால அடிச்சா சுவர் முழுக்க அதிரும், ஜாயின்ட் விட்டுப்போகும்.

கம்பி இருக்கிற எந்த வேலைக்கும் உங்க போர் தண்ணி வேணாம். கான்கிரீட்டுக்கான தர நிர்ணயம் ஐ.எஸ். 456ல, தண்ணியில இருக்கிற குளோரைடு உப்புக்கு வரம்பு கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம், கம்பி இல்லாததுக்கு 2000. குடிநீர் வடிகால் வாரியத்தோட மாவட்டப் பரிசோதனைக் கூடத்துல கட்டணம் கட்டிப் பார்த்துக்கலாம்.

கடலோரம் கான்கிரீட்டே நிலைக்காதுன்னு யாராவது சொன்னா, பாண்டியில கோல்கொண்டேவைப் பார்க்கச் சொல்லுங்க. அரவிந்தர் ஆசிரமத்து விடுதி. அன்டோனின் ரேமண்ட் வடிவமைச்சு 1937ல வேலை தொடங்கினது. வெளிப்பக்கம் பூச்சே இல்லாத வெறும் கான்கிரீட். கடற்கரையிலேர்ந்து சில தெரு தள்ளி இன்னைக்கும் நிக்குது. எங்க சார் வகுப்புல அதைக் காட்டித்தான் அக்கறைன்னா என்னன்னு சொல்லிக்கொடுத்தாரு.

பதில்: பாகூர் ஏரிக்கரை

ஆரோவில் எர்த் இன்ஸ்டிட்யூட்ல மண்ணுல அஞ்சு சதவீதம் சிமென்ட் கலந்து, மிஷின்ல அழுத்தி எடுக்கிற கல்லையும் போய்ப் பாருங்க. சுடவே வேணாம், வீடு குளுகுளுன்னு இருக்கும். ஆனா அதுக்கு ஏத்த மண்ணு வேணும். உங்க தாழங்குடா மணலுக்கு ஆகாது, வெளியிலேர்ந்து கொண்டுவரணும்.

கடலோரக் குடித்தனம்

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. வில்லியனூர் அண்ணா, நீங்க எழுதினதை மாமாவுக்குச் சத்தமா வாசிச்சேன். அனல் பத்தி நீங்க ஒத்துக்கிட்டதும் அவரு முகமே மாறிடுச்சு, அதுக்கப்புறம்தான் மீதியைக் கேட்டாரு.

முதல் யார்டை விட்டுட்டேன். இன்னொரு இடத்துல தேதி எழுதி அடுக்குறாங்க. முன்பணம் கொடுத்தா நாள் கணக்கா வெச்சுத் தர்றேன்னு ஒத்துக்கிட்டாங்க. அங்க பழைய அடுக்குலேர்ந்து மூணு கல்லு வாங்கி வந்து மளிகைக்கடைத் தராசுல போட்டோம். ஒரு கல்லு 25.6 கிலோ. ஊறவெச்சு எடுத்தா 27.3. மத்த ரெண்டும் ஏறக்குறைய அப்படித்தான். எட்டுக் கல்லை லேபுக்கு அனுப்பியிருக்கோம்.

எங்க போர் தண்ணியில குளோரைடு லிட்டருக்கு 1,400 மில்லிகிராம் வந்திருக்கு. அப்ப கல்லு வேலைக்குச் சரி, லிண்டலுக்கு வேணாம்னு அர்த்தமா?

இன்னொரு சந்தேகம். மாமா ஒரே ஒரு வரம் கேட்குறாரு. மேற்குப் பக்கம், அவரு படுக்குற ரூம் சுவரை மட்டும் ஒன்பது இஞ்ச் சேம்பர் கல்லுல வைக்கணுமாம். ரெண்டையும் கலந்து கட்டலாமா அண்ணா?

பதில்: பழைய பிளாக்காரன், வில்லியனூர்

ஊறின எடை ஏழு சதவீதத்துக்குள்ள வருது. நீ அடுப்புல வெச்சு முழுசாக் காயவெக்கல, அதனால நிஜக் கணக்கு கொஞ்சம் கூட இருக்கும். அப்பவும் பத்துக்குள்ளதான் நிக்கும். நல்ல கல்லு, எடுத்துக்கோ.

தண்ணிக்கு எழுத்துல அப்படித்தான் அர்த்தம். ஆனா காலத்தை ஒட்டி வர்ற ஜாயின்ட்டும் பூச்சும் அதே தண்ணிதானே? டேங்கர் எப்படியும் லிண்டலுக்கு வரப்போகுது. கலவைக்கும் அதையே வெச்சுக்கோ. பூச்சுக்குக் கட்டாயம் வெச்சுக்கோ.

மாமா ஆசையைத் தாராளமா நிறைவேத்தலாம். நல்ல யோசனையும்கூட, சாயங்கால வெயில் பூரா அந்தச் சுவருலதான் விழும். ஆனா ஒரு காலத்துலேர்ந்து அடுத்த காலம் வரைக்கும் ஒரே கல்லா இருக்கணும். பாதி செங்கல், பாதி பிளாக்னு பல்லு விட்டுக் கோக்கக் கூடாது. ஒண்ணு பெருக்கும், ஒண்ணு சுருங்கும், கோத்த இடத்துல நேர்க்கோடா வெடிக்கும். சில் பேண்டும் லிண்டலும் ரெண்டு சுவரிலயும் ஒரே மட்டத்துல ஓடட்டும்.

லோடு வரும்போது நீ பக்கத்துல நில்லு. டிப்பர்ல கொட்ட விடாதே, கையால இறக்கச் சொல்லு. உங்க மண்ணு உப்பு, அதனால பலகை போட்டு அது மேல அடுக்கி, மழைக்குத் தார்ப்பாய் மூடி வெக்கணும். ஐப்பசியில வேலை நடந்தா இது ரொம்ப முக்கியம். செங்கல்லை மனையோட இன்னொரு மூலையில இறக்கு. ஒரே இடத்துல ரெண்டும் கிடந்தா, காலையில செங்கல் நனைக்க வர்ற சித்தாள் பிளாக்கையும் சேர்த்து நனைச்சுடுவாங்க.

லேப் ரிப்போர்ட் வந்ததும் இங்க போடு, பார்க்குறேன்.